தாடையில் பிறந்ததா, வந்து சேர்ந்ததா

போன மாதம் பிரதீபா தொலைபேசியில் அழைத்தாள். வாய், தாடை நோய்களை நுணுக்குக்காட்டியில் பார்த்துப் பெயர் சொல்வது எங்கள் வேலை. பேராதனைப் பல்கலைக்கழகத்தில் நான் ஓய்வு பெற்று விட்டுவந்த கதிரையில் இப்போது அவள் இருக்கிறாள்.

"மெடம், கீழ்த்தாடைக் கட்டி ஒன்றில தெளிவான கலங்கள். நீங்க வகுப்பில சொல்லுவீங்களே, அதேதான். மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பினேன், சரியென்று வந்துட்டுது" என்றாள். குரலில் சந்தோஷம். பிறகு கொஞ்சம் தயங்கி, "இந்தப் பரிசோதனை இல்லாத காலத்தில நீங்களும் சரோஜினி மெடமும் எப்படி முடிவு பண்ணினீங்க? எழுதித் தாங்களேன், பயிற்சிக்கு வந்திருக்கிறவங்களுக்குக் குடுக்கலாம்" என்று கேட்டாள்.

முதலில் பாடப்புத்தகம் போல ஒரு பக்கம் எழுதினேன். படித்துப் பார்த்தால் அதில் சரோஜினி மெடமும் இல்லை, நோயாளியாக வந்த ஸ்டெல்லா டீச்சரும் இல்லை. அந்த இரண்டு பேரையும் எடுத்துவிட்டால் அந்த முடிவே இல்லை. ஆகவே மறுபடி தொடங்குகிறேன்.

எனக்குச் சொந்த ஊர் கெலிஓயா. வாப்பாவுக்கு அங்கே ஹார்ட்வெயார் கடை இருந்தது. பல் மருத்துவம் படித்து முடித்து, கிராமத்து ஆஸ்பத்திரியொன்றில் சிறிது காலம் பல் பிடுங்கிவிட்டு, மேற்படிப்புக்காக நோய்க்குறியியல் பிரிவுக்கு வந்து சேர்ந்தேன். வாப்பாவுக்கு அது கடைசிவரை பிடிபடவில்லை. "பல்லு டொக்டருக்குப் படிச்சிட்டு ஒத்தர்ட பல்லும் புடுங்காம ஈக்கிறியே மகள்" என்பார். கடைக்கு வருகிறவர்களிடம் என் வேலையை விளக்கத் தொடங்கி, பாதியில் விட்டுவிட்டு ஆணியை நிறுப்பார்.

விளக்குவது கஷ்டம்தான். சத்திர சிகிச்சை செய்கிறவர் கட்டியிலிருந்து ஒரு துண்டு வெட்டி போர்மலின் போத்தலில் போட்டு அனுப்புவார். அது மெழுகுக்குள் இறுகி, இழை இழையாகச் சீவப்பட்டு, ரோசாவும் ஊதாவுமாகச் சாயமேறி, கண்ணாடிச் சிலைட்டில் எங்களிடம் வரும். ஆளின் முகத்தை நாங்கள் பார்ப்பதில்லை. வருவதில் பெரும்பகுதி வெற்றிலை போட்டுப் போட்டுக் கன்னத்திலும் நாக்கிலும் வந்த புற்று. அதைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். தாடை எலும்புக்குள்ளேயே பிறக்கும் புற்று மிகவும் குறைவு. அதிலும் சில வகைகளை ஒருவர் தன் வேலைக்காலம் முழுவதும் ஒரு தடவை பார்த்தாலே அதிகம்.

சரோஜினி மெடம் யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து பேராதனையிலேயே தங்கிவிட்டவர். கலியாணம் செய்யவில்லை. பிரிவுக்குத் தலைவர். மெலிந்த ஆள், பருத்திச் சேலை. கதிரையில் உட்கார்ந்ததும் செருப்பைக் கழற்றி மேசைக்கடியில் தள்ளிவிடுவார். சிலைட்டை உடனே நுணுக்குக்காட்டியில் வைக்கமாட்டார். யன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, வெறும் கண்ணால் பார்ப்பார். எங்கே ஊதா அடர்த்தி, எங்கே வெளிர், துண்டின் ஓரம் வழவழப்பா கிழிசலா என்று. பிறகு மிகக் குறைந்த உருப்பெருக்கத்தில் வைத்து, ஓரத்திலிருந்து ஓரம் மெதுவாக நகர்த்துவார். நோயாளியைப் பற்றி டொக்டர் எழுதியனுப்பிய தாளை அதுவரைக்கும் குப்புறக் கவிழ்த்து வைத்திருப்பார். தானாகப் பார்த்து ஒரு எண்ணம் வந்த பிறகுதான் அதைத் திருப்புவார். கடைசியில் எக்ஸ்ரே. தாடை எலும்பிலிருந்து வந்த எந்தத் துண்டுக்கும் எக்ஸ்ரேயைப் பார்க்காமல் அவர் கையெழுத்து வைத்து நான் கண்டதில்லை.

எங்களிடம் இரண்டு பேர் எதிரெதிரே இருந்து ஒரே சிலைட்டைப் பார்க்கிற நுணுக்குக்காட்டி இருந்தது. உள்ளே ஒரு சிறிய பச்சை அம்பு தெரியும். அதை அவர்தான் நகர்த்துவார். அம்பு ஊர்ந்து ஊர்ந்து போய் ஓரிடத்தில் நிற்கும். அவர் ஒன்றும் சொல்லமாட்டார். நான்தான் பேசவேண்டும். நான் சொன்னது சரியென்றால் அம்பு நகரும். பிழையென்றால் அங்கேயே நிற்கும். சில நாட்கள் தேநீர் ஆறிப்போகும்வரை நின்றிருக்கிறது. சந்தேகப்படும்படி எதையாவது கண்டால், "எனக்கு இது பிடிக்கேல்ல நஸீமா" என்பார். எழுந்து கைகழுவிவிட்டு வந்து, முதலிலிருந்து பார்ப்பார்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு பையனின் தாடைத் துண்டு வந்தது. இளம் எலும்பு கன்னாபின்னாவென்று முளைத்து, உயிர்க்கலங்கள் நெருக்கியடித்துக்கொண்டிருந்தன. எலும்புப் புற்று என்று எழுதிக் கொண்டுபோய் வைத்தேன். மெடம் வாசித்தார்.

"ஆளைப் பாத்தனீரோ?"

"இல்ல மெடம்."

"இவன் எங்கையாவது விழுந்து அடிபட்டவனோ எண்டு போய்க் கேட்டுக்கொண்டு வாரும்."

போனேன். சில வாரங்களுக்கு முன் த்ரீவீல் கவிழ்ந்து தாடை அடிபட்டதாம். வீட்டில் ஏசுவார்களென்று அவன் யாரிடமும் சொல்லவில்லை. முறிந்த எலும்பு தன்பாட்டில் பொருந்துவதற்குப் படுகிற அவசரத்தைத்தான் நான் புற்று என்று எழுதியிருந்தேன். அந்த அறிக்கை வெளியே போகவில்லை. அவன் தாடை பிழைத்தது. அதற்குப் பிறகு மனம் ஒப்பாத எந்தச் சிலைட்டுக்கும் ஆஸ்பத்திரி வாட்டுக்குப் போய் ஆளைப் பார்ப்பது என் வழக்கமாகிவிட்டது.

அப்படித்தான் ஸ்டெல்லா டீச்சரைப் பார்த்தேன்.

புசல்லாவைப் பக்கத் தேயிலைத் தோட்டமொன்றில், சின்னப் பிள்ளைகளுக்கு எழுத்துப் படிப்பிக்கிற ஆசிரியை. வயது நாற்பத்தைந்து. கீழ்த்தாடையில் இடப்பக்கம் வீக்கம். ஆடிக்கொண்டிருந்த இரண்டு பற்களை வெளியே எங்கேயோ பிடுங்கிக்கொண்டார், அந்தக் குழி ஆறவேயில்லை. சத்திர சிகிச்சை நிபுணர் பண்டார, புற்றல்லாத சாதுவான கட்டியாக இருக்கும், சுரண்டி எடுத்துவிடலாம் என்ற எண்ணத்தோடு ஒரு துண்டை அனுப்பியிருந்தார்.

சிலைட்டை நானும் மெடமும் எதிரெதிரே இருந்து பார்த்தோம். தண்ணீர் நிரப்பிவிட்டது போலத் தெளிவான கலங்கள், திட்டுத் திட்டாக. சாதாரணமாகக் கலத்துக்குள் ரோசா நிறம் இருக்கும். இவற்றில் நடுவே ஒரு கரும்புள்ளி, சுற்றிலும் வெறுமை. திட்டுகளின் ஓரம் தசைக்குள் விரல் விட்டிருந்தது.

"என்ன காணுறீர்?"

"சிறுநீரகம் மெடம். அங்க உள்ள புற்றுத்தான் தாடைக்குப் பரவி இருக்கு."

அம்பு நகரவில்லை.

"சிறுநீரகமெண்டால் இரத்தம் எங்க?" என்று கேட்டார். சிறுநீரகப் புற்றில் கலங்களுக்கிடையில் மெல்லிய இரத்தக் குழாய்கள் வலைபோலப் பின்னிக் கிடக்கும், கசிந்தும் இருக்கும். இதில் இடையிடையே காய்ந்த, கெட்டியான நார்தான் இருந்தது. "இது தாடையில பிறந்தது. பல்லை உண்டாக்கிற கலங்களில இருந்து வந்தது."

அப்படியொரு கட்டி இருக்கிறதென்று நான் படித்திருந்தேன். பார்த்ததில்லை. மெடமும் பார்த்ததில்லை. நான் விடவில்லை. தாடையில் பிறந்தது இத்தனை அபூர்வமென்றால், வந்து சேர்ந்ததாக இருக்கத்தானே வாய்ப்பு அதிகம் என்றேன். எங்கள் சண்டை வெறும் பெயருக்கான சண்டை அல்ல. வந்து சேர்ந்ததென்றால் நோய் உடம்பெல்லாம் பரவிவிட்டது, தாடையை வெட்டுவதில் அர்த்தமில்லை. பிறந்ததென்றால் வெட்டி எடுத்துக் காப்பாற்றலாம்.

"போய் ஆளோட கதைச்சுப்போட்டு வாரும்" என்றார் மெடம்.

வாட்டில் யன்னலோரக் கட்டிலில் ஸ்டெல்லா டீச்சர் பழைய பத்திரிகை ஒன்றை வாசித்துக்கொண்டிருந்தார். தலையணைக்குப் பக்கத்தில் செபமாலை. நான் யாரென்று சொன்னதும் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"ஊசி, கத்தி ஒண்ணும் இல்லாம வந்திருக்கிற மொத டொக்டர் நீங்கதான். உக்காருங்க."

சிறுநீரில் இரத்தம் போனதா என்று கேட்டேன். இல்லை. மெலிந்துபோனீர்களா?

"தோட்டத்துல யாரு டொக்டர் கொழுத்துப் போனா?" என்று சிரித்தார். சிரிப்பு வாயின் ஒரு பக்கத்தில் மட்டும் போனது. கீழுதட்டைத் தொட்டு, இங்கே உணர்வு எப்படி என்று கேட்டேன்.

"இந்தப் பக்கம் மரத்துப் போச்சுங்க. ரொம்ப நாளாச்சு. டீ குடிச்சா ஓரத்துல வழியும், எனக்கே தெரியாது. டீச்சர், வாயத் தொடைங்கன்னு புள்ளைங்கதான் சொல்லும்."

இதை அவர் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. பல் பிடுங்கியதால் வந்த விறைப்பு என்று நினைத்திருக்கிறார். தாடைக்குள் ஓடும் நரம்புதான் அந்த உதட்டுக்கு உணர்வு கொடுப்பது. சாதுவான கட்டி நரம்பைத் தள்ளி வைக்கும், இப்படி மரக்கச் செய்வது அபூர்வம். நான் எழப்போனபோது, "அப்படி என்னதான் டொக்டர் தேடுறீங்க?" என்று கேட்டார். மறைக்க மனமில்லை. இந்தக் கட்டி தாடையிலேயே பிறந்ததா, வேறெங்கோ இருந்து வந்து தங்கியதா என்று எங்களுக்குள் வாக்குவாதம் என்றேன்.

பத்திரிகையை மடித்து வைத்தார்.

"எங்க தோட்டத்து ஆளுங்களப் பாத்து எல்லாரும் கேக்குற கேள்வி டொக்டர் அது. இங்கயே பொறந்தவங்களா, இந்தியாவுல இருந்து வந்தவங்களான்னு. இப்ப கட்டியப் பாத்தும் கேக்குறீங்க." பிறகு குரலைத் தாழ்த்தி, "எதுவா இருந்தாலும் எனக்குப் பேச்சு மட்டும் போயிறக் கூடாது. அ, ஆ சொல்லிக் குடுக்கிறவ நான்" என்றார்.

சிறுநீரகத்துக்கு ஸ்கேன் எடுத்தார்கள். இடது சிறுநீரகத்தில் ஒரு நிழல். என்னவென்று உறுதியாகச் சொல்ல முடியாது என்று எழுதியிருந்தார்கள். பண்டார அதை எங்கள் மேசையில் வைத்தார். நல்ல மனிதர், அவருக்கும் முகம் வாடியிருந்தது. "இதற்கு மேல் நான் அந்தப் பெண்ணை வெட்டி வதைக்க வேண்டுமா? வீட்டுக்கு அனுப்பிவிடலாம்" என்றார்.

என் பக்கம்தான் வென்றது. எனக்கு அது வேண்டியிருக்கவில்லை. வாட்டிலிருந்து திரும்பி வந்த நேரத்திலிருந்தே நான் பிழையாக இருக்கவேண்டும் என்றுதான் ஆசைப்பட்டேன்.

மெடம், "கொழும்பில நல்ல ஸ்கேன் ஒண்டு எடுத்து வரட்டும். அதுவரைக்கும் அனுப்பாதேங்கோ" என்று கேட்டுக்கொண்டார். என்னிடம், "மெழுகுக் கட்டையில இன்னும் மிச்சமிருக்கு. முழுக்கச் சீவிப் பாப்பம்" என்றார். சீவினோம். சாயம் மாற்றி மாற்றிப் போட்டோம். ஒரு சாயத்தில் மாவுச்சத்துப் போன்ற பொருள் கலங்களுக்குள் மின்னியது. அது இரண்டு பக்கத்துக்கும் பொருந்துகிற சாட்சி, பயனில்லை. கட்டையின் அடிப்பகுதிக்குப் போனபிறகு ஒரு காலையில், தனியே இருந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, நாருக்கு நடுவில் சின்னஞ்சிறு தீவு ஒன்று அகப்பட்டது. அதன் ஓரத்துக் கலங்கள் உயரமாக, வேலித் தடிகள் நட்டதுபோல வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் கருவும் அடிப்பக்கத்தை விட்டு உள்நோக்கி விலகியிருந்தது. வயிற்றிலிருக்கும் சிசுவின் தாடையில் பல்லின் வெளிப்பூச்சான மிளிரியைச் செய்யப்போகிற கலங்கள்தான் அப்படி நிற்கும். சிறுநீரகத்துக் கலங்கள் ஒருநாளும் அப்படி நிற்காது.

மெடத்தை அழைத்தேன். வந்து எதிரே அமர்ந்தார். அன்று அம்பை நான் நகர்த்தினேன். அந்தத் தீவில் நிறுத்திவிட்டுப் பேசாமல் இருந்தேன். நுணுக்குக்காட்டி நடுவில் இருந்ததால் அவர் முகம் தெரியவில்லை. கால் மட்டும் மேசைக்கடியில் செருப்பைத் தேடுவது கேட்டது.

"பண்டாரவிட்டப் போவம், எழும்பும்" என்றார்.

அந்த வாரமே கொழும்பு ஸ்கேனும் வந்தது. சிறுநீரகத்தில் இருந்தது வெறும் நீர்ப்பை, பலருக்கும் இருப்பது. அத்தோடு முடிந்துவிடும் என்று நினைத்தேன். பண்டார பாடப்புத்தகத்தைக் கொண்டுவந்து விரித்தார். எங்களிடம் இருந்த பதிப்பில் அந்தக் கட்டி சாதுவானது என்றே போட்டிருந்தது. "உங்கள் புத்தகமே சுரண்டினால் போதும் என்கிறது. நீங்கள் புற்று என்று எழுதித் தந்திருக்கிறீர்கள். எழுத்துச் சொல்லிக் கொடுக்கிற பெண்ணின் அரைத் தாடையை எதை நம்பி வெட்டச் சொல்கிறீர்கள்?"

நியாயமான கேள்வி. மெடம் அவரைக் கூட்டிவந்து என் கதிரையில் உட்காரவைத்தார். தசைக்குள் போன விரல்களைக் காட்டினார், நரம்பைச் சுற்றிக்கொண்டிருந்த ஒரு திட்டைக் காட்டினார். பிறகு என்னிடம், உதட்டைப் பற்றி அவருக்குச் சொல்லச் சொன்னார். சொன்னேன். பண்டார நீண்ட நேரம் பார்த்துவிட்டு, "புத்தகம் பிழையென்றா சொல்கிறீர்கள்?" என்று கேட்டார்.

"புத்தகம் எழுதினவர் ஸ்டெல்லாவைப் பாக்கேல்ல" என்றார் மெடம்.

பாதித் தாடையை எடுத்தார்கள். கழுத்தின் நிணநீர் முடிச்சுகளையும் சேர்த்து எடுத்தார்கள். அவற்றில் ஒன்றுக்குள் அந்தத் தெளிவான கலங்கள் இருந்தன. சுரண்டி மட்டும் விட்டிருந்தால் அது கழுத்தில் இருந்து வளர்ந்திருக்கும். அந்தச் சிலைட்டைப் பார்த்துவிட்டு மெடம் யன்னலடியில் போய் வெகுநேரம் நின்றார். சந்தோஷம் என்று அதைச் சொல்லமுடியாது.

ஸ்டெல்லா டீச்சருக்குப் பேச்சு போகவில்லை. கோணிப்போனது. காலில் இருந்து எலும்பெடுத்துத் தாடைக்கு வைத்தும், கீழுதடு ஒரு பக்கம் மூடாது. ப, ம என்ற எழுத்துகள் காற்றாகப் போகும். ஆனாலும் பாடசாலைக்குத் திரும்பினார். பரிசோதனைக்கு வரும் நாட்களில் கண்டியில் பஸ் மாறி எங்கள் அறைக்கும் வருவார். தோட்டத்தில் விளைந்த கரட்டும் லீக்சும் பையில் இருக்கும். ஒருமுறை வந்து கதிரையில் உட்கார்ந்ததும் விழுந்து விழுந்து சிரித்தார்.

"மேலிடத்துல இருந்து ஒருத்தர் வந்து வகுப்பப் பாத்தாருங்க. ஒண்ணாம் வகுப்புப் புள்ளைங்க எல்லாம் 'அம்மா'ன்னு சொல்றப்ப வாய ஒரு பக்கமா இழுக்குதுங்க! இது என்ன டீச்சர் வியாதின்னு கேட்டாரு. வியாதி இல்ல சார், நான் சொல்லிக் குடுத்ததுன்னேன்."

மெடம் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நாங்கள் மூன்று பேரும் ஒன்றாகச் சிரித்த அந்தப் பிற்பகலுக்காக நான் எதையும் கொடுப்பேன். ஓய்வுபெற்றவர்களிடம், வேலையில் எதை நினைத்து ஏங்குகிறீர்கள் என்று கேட்பார்கள். போர்மலின் வாடையை நான் நினைப்பதில்லை. பதவியையும் நினைப்பதில்லை. "இல்லை நஸீமா, நீர் சொல்லுறது பிழை" என்று எதிரே இருந்து சொன்ன ஒரு குரலையும், கரட்டுப் பையோடு கதவில் தட்டுகிற ஒரு கையையும்தான் நினைக்கிறேன். காலையில் பேராதனைப் பக்கம் போகும் பஸ் எங்கள் வீட்டு வாசலைக் கடக்கும்போது இன்றும் என் கை தன்னையறியாமல் கைப்பையைத் தேடுகிறது.

மெடம் ஓய்வு பெற்றதும் கனடாவில் இருந்த தம்பியிடம் போனார். ஊரில் யாருமில்லை, முதுமைக்குத் துணை வேண்டும் என்று தம்பி வற்புறுத்தினார். பிரியாவிடைக் கூட்டத்தில் மெடம் இரண்டு வசனம்தான் பேசினார். விமானத்துக்குப் போகும் முன் என்னிடம், "ஸ்டெல்லாவின்ர நெஞ்சு எக்ஸ்ரேயைத் தவறவிடாதையும். இது பொறுத்திருந்து வாற சாமான்" என்றார்.

பல வருடம் கழித்து அது வந்தது. நுரையீரலிலிருந்து ஊசியால் எடுத்த துண்டு. சிலைட்டை யன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு நுணுக்குக்காட்டியில் வைத்தேன், அதே தெளிவான கலங்கள். தாளைத் திருப்பாமலே யாருடையதென்று தெரிந்தது. எதிர்க் கதிரை வெறுமையாக இருந்தது. யாராவது பிழை என்று சொல்லமாட்டார்களா என்று அன்று ஏங்கியதுபோல நான் என்றும் ஏங்கியதில்லை. அறிக்கையை எழுதி வைத்துவிட்டு வாட்டுக்குப் போனேன்.

"வந்துருச்சா?" என்று அவரே கேட்டார்.

"வந்துட்டுது டீச்சர்."

"நீங்க ஏன் டொக்டர் தலையக் குனியிறீங்க? எனக்கு அன்னைக்கே முடிஞ்சிருக்கும். இந்தா, எத்தன வகுப்புப் புள்ளைங்க எழுதப் படிச்சிருச்சு." என் கையைப் பிடித்துக்கொண்டார். "மெடத்துக்கிட்டச் சொல்லாதீங்க. அவ்வளவு தூரத்துல இருந்து கவலப்படுவாங்க" என்றார்.

சொல்லவில்லை. அடுத்த வருடம் மழைக்காலம் தொடங்கியபோது ஸ்டெல்லா டீச்சர் இறந்துபோனார். தோட்டத்து மாதா கோவிலில் இரங்கல் பூசை நடந்தது. நானும் என் கணவரும் பின்வரிசை ஆசனத்தில் உட்கார்ந்திருந்தோம். திரும்பி வந்த மறுநாள் மாலை, கனடாவில் விடிந்திருக்கும் நேரம் பார்த்து, அலுவலக அறையிலிருந்து கைத்தொலைபேசியில் மெடத்துக்கு அழைத்தேன்.

சொன்னேன். எங்கே வந்தது, நுரையீரலிலா என்று கேட்டார். ஓமென்றேன். கடைசிவரை கதைச்சவவோ என்று கேட்டார். கதைத்தார், போன தவணை வரைக்கும் வகுப்புக்கும் போனார் என்றேன்.

"அது போதும்" என்றார். பிறகு, "நஸீமா, அங்க என்ன சத்தம்?" என்று கேட்டார்.

"மழை மெடம். நல்லாப் பெய்யுது."

"போனை யன்னலுக்குக் கிட்டப் பிடியும்."

யன்னலைத் திறந்து கையை வெளியே நீட்டினேன். தகரக் கூரையிலும் மரங்களிலும் மழை கொட்டிக்கொண்டிருந்தது. தொலைபேசியை உள்ளங்கையால் மூடிக் குடைபோலப் பிடித்தேன். சட்டைக் கை தோள்வரை நனைந்தது. போதுமா என்று கேட்கக் காதில் வைத்தேன். அவர் அழுதுகொண்டிருந்தார். நான் கையை மறுபடி மழைக்குள் நீட்டினேன்.